தென்னை டி.என்.ஏ.: திரவ நைட்ரஜன் இல்லாமலே எடுக்கலாம்

கேள்வி: நெட்டை–குட்டை கலப்பினத் தென்னங்கன்றுகளை எஸ்.எஸ்.ஆர். மார்க்கர் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குட்டை வரிசைகளைக் கொண்டு வகையைக் காட்டும் அடையாளம்) வைத்துச் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் திரவ நைட்ரஜன் இல்லை. டி.என்.ஏ. எடுக்க விற்கும் கிட்டின் விலையும் கட்டுப்படியாகவில்லை. டி.என்.ஏ. எடுக்க ஓலையை அரைத்தால் பழுப்பாகி, கடைசியில் கரையாத பசைதான் மிஞ்சுகிறது. எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. முறையை மாற்றுமுன் ஓலையை மாற்றுங்கள். முற்றிய ஓலையில் நாரும் பீனால்களும் (பழுப்பேற்றும் சேர்மங்கள்) அதிகம். அரைத்ததும் பீனால்கள் காற்றுப்பட்டுப் பழுப்பாகி டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டால், அப்புறம் எவ்வளவு கழுவினாலும் விடாது. விரியாத குருத்தின் வெளிறிய பகுதியை எடுத்து, ஈர்க்கை உரித்துப் போடுங்கள். ஓரத் துண்டு போதும். அடிவரை வெட்டினால் கன்றே போய்விடும்.

அரைக்கும்போது நொதிகளை அடக்குவது நைட்ரஜனின் முக்கிய வேலை. சூடான பஃபரும் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) அதைச் செய்யும். பஃபரில் 2% சிடேப் (CTAB, செல் சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்), 1.4 மோலார் உப்பு, 20 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 100 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச். 8), 2% பி.வி.பி. (பீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்) இருக்கட்டும். 65 டிகிரிக்குச் சூடாக்கி, அரைக்கும் நேரத்தில் மட்டும் 1% மெர்காப்டோஎத்தனால் சேருங்கள். 200 மில்லிகிராம் குருத்தைப் பொடியாக நறுக்கி, கழுவிய மணல் ஒரு சிட்டிகையும் 1.5 மி.லி. பஃபரும் விட்டுக் கல்வத்தில் அரையுங்கள். விழுது வெளிர்மஞ்சளாகவே இருக்க வேண்டும். பழுப்பேறினால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

700 மைக்ரோலிட்டர் விழுதை 65 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். அதே அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சேர்த்து, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, மையவிலக்கியில் 12,000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றுங்கள். இதுவரை எதையும் ஐஸில் வைக்காதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே சிடேப்பே படிந்துவிடும்.

மேல்நீரில் 400 மைக்ரோலிட்டரை 2 மி.லி. டியூபுக்கு மாற்றுங்கள். உங்களைப் படுத்தும் பசை பெரும்பாலும் பாலிசாக்கரைடுதான் (மாவுப்பொருள் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி). 5 மோலார் உப்புக் கரைசல் 200 மைக்ரோலிட்டர் சேர்த்தபின் 1.2 மி.லி. குளிர்ந்த எத்தனால் விட்டால், அந்தப் பசை கரைசலிலேயே தங்கிவிடும். படிந்த டி.என்.ஏ.வை 70% எத்தனாலில் இருமுறை கழுவுங்கள். ஒருமுறையோடு விட்டால் உப்பு பி.சி.ஆரைக் (டி.என்.ஏ. துண்டைப் பல்லாயிரம் நகலாகப் பெருக்கும் முறை) கெடுக்கும். எலும்பாகக் காயவிட்டாலும் கரையாது.

நூற்றுக்கணக்கில் கன்றுகள் இருந்தால் இத்தனை பாடும் வேண்டாம். எஸ்.எஸ்.ஆர். துண்டுகள் குட்டையானவை, அதனால் சுத்தம் குறைந்த டி.என்.ஏ.வே போதும். 5 மில்லிகிராம் குருத்தை 50 மைக்ரோலிட்டர் 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் நசுக்கி, அதில் 5 மைக்ரோலிட்டரை 495 மைக்ரோலிட்டர் டிரிஸில் (100 மில்லிமோலார், பி.எச். 8) கலந்து, 1 மைக்ரோலிட்டரை நேராக பி.சி.ஆருக்கு விடுங்கள். அன்றன்றைக்கே ஓட்டிவிட வேண்டும், சேமித்து வைக்க இது ஆகாது. ஜெல்லில் டி.என்.ஏ. பட்டை வராவிட்டால் டி.என்.ஏ.வைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.