எடை குறைந்தது சரி, கால்களுக்கு ஏன் பலமில்லை?

கேள்வி: எனக்கு வயது 49. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இரவில் பப்பாளி மட்டும் சாப்பிட்டு, தினமும் ஒரு மணி நேரம் நடந்து, நான்கு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 62 கிலோவுக்கு வந்துவிட்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. அம்மாவுக்கு 68 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அதனால் பயமாக இருக்கிறது. இப்படியே தொடரலாமா?

பதில்: எடை குறைந்த வேகம் பரவாயில்லை. போன ஒன்பது கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லாது. உங்கள் கால்கள் சொல்கின்றன. சாப்பாட்டைக் குறைத்து மட்டும் இளைத்தால், குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம். மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில் எலும்பும் வேகமாகத் தேயும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

ஒரு மாதம் எடையைக் குறைக்காமல் 62 கிலோவிலேயே நிறுத்துங்கள். இரவுச் சாப்பாடு திரும்ப வரட்டும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் அளவு புரதம் வேண்டும். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம்தான் இருக்கும், பப்பாளியில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. சைவம் என்றால் சுண்டல், பனீர், தயிர், கெட்டியான பருப்பு என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். கால்சியத்துக்குக் கேழ்வரகும் முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லவை.

நடை இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் தொடைத் தசையைக் காக்க அது போதாது. வாரம் இரண்டு மூன்று நாள், கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கைகளை ஊன்றி முழங்கையை மடக்கி நீட்டுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, அப்புறம் தூக்கும் எடையைப் படிப்படியாகக் கூட்டுவது என்று இவற்றையும் செய்யுங்கள். முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலியில் தொடங்குங்கள்.

அம்மாவின் எலும்பு முறிவை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளை இந்த மாதமே செய்துவிடுங்கள். இன்றைக்கே, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால், ரிப்போர்ட்டுகளோடு அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.