சணல் கயிறு மக்கி அறுந்தால் தக்காளியை எதால் கட்டுவது?

கேள்வி: போன பட்டத்தில் தக்காளியை நைலான் கயிற்றால் கட்டினேன். தண்டில் பள்ளம் விழுந்து பல செடிகள் காற்றில் முறிந்தன. இந்த முறை சணலுக்கு மாறி, மேல் கம்பியிலிருந்து கயிறு இறக்கி, கீழே மண்ணில் அடித்த முளையில் கட்டினேன். காய் திரளும் நேரத்தில் அடிப்பக்கம் மக்கி அறுந்து செடிகள் சரிந்துவிட்டன. மறுபடி நைலானுக்கே போகலாமா? பாகல் கொடிக்கும் கயிறு வேண்டும்.

பதில்: நைலானுக்குப் போக வேண்டாம். உங்கள் கயிறு அறுந்தது அடியில்தான். நாரை மக்கவைக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணில்தான் நிறைய, ஈரமும் அங்கேதான். ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் சணல் சில வாரங்களிலேயே வலுவிழக்கும். காற்றாடத் தொங்கும் பகுதி அதைவிட நெடுநாள் தாங்கும்.

அதனால் கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றுங்கள். முளையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தேங்காய் நார்க் கயிறு, அதற்கு மேல் சணல். தேங்காய் நாரில் லிக்னின் (மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்) மிக அதிகம், எளிதில் மக்காது. ஆனால் சொரசொரப்பானது. இளந்தண்டின் மேல் அது உரசினால் தோல் கீறி, நோய் நுழைய வழியாகிவிடும். தண்டைத் தொடும் இடத்தில் மெத்தென்ற சணலோ ஊறவைத்த வாழை நாரோதான் வேண்டும்.

தண்டில் விழுந்த பள்ளத்துக்கு நைலானோடு இறுக்கமும் காரணம். இலை தயாரிக்கும் சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை தோலுக்குச் சற்றே உள்ளே இருக்கிறது. தண்டு பருக்கும்போது கயிறு அதை நெரித்தால் கட்டுக்கு மேலே புடைக்கும், அந்த இடமே பலவீனமாகும். சணலிலும் இது நடக்கும்: நனைந்தால் நார் உப்பி, கயிற்றின் நீளம் குறையும். காய்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் மழைக்குப் பின் இன்னும் இறுகும். ஒரு விரல் தாராளமாக நுழையும்படி சுற்று இருக்கட்டும்.

குச்சியில் கட்டுவதானால் எட்டுப் போட்டுக் கட்டுங்கள்: தண்டுக்கும் குச்சிக்கும் நடுவே கயிறு குறுக்கே போகவேண்டும், முடிச்சு குச்சிப் பக்கம் இருக்கவேண்டும். கட்டும் இடம் இலைக்காம்புக்குக் கீழே. பூங்கொத்துக்குக் கீழே கட்டினால், செடியின் பாரம் கொத்தின் காம்பில் இறங்கி அது முறிந்துவிடும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் நஷ்டம் இதுதான். ஒரு கட்டுத் தவறினால் ஒரு கொத்துக் காய் போய்விடுகிறது.

உங்களைப் போல இறக்கிய கயிற்றில் தண்டைச் சுற்றுபவர்கள் பிற்பகலில் சுற்றுங்கள். காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், வளைத்தால் பட்டென்று ஒடியும்.

பாகலை அதிகம் கட்டவேண்டாம். அதன் பற்றுக்கம்பிகள் தாமே பிடித்துக்கொள்ளும். தேங்காய் நாரின் சொரசொரப்பு அதற்கு நல்ல பிடிமானம். முதலில் ஏற்றிவிட ஒன்றிரண்டு தளர்ந்த கட்டுப் போதும்.

அறுவடை முடிந்ததும் சணலைக் கொடியோடு சேர்த்து வெட்டி எருக்குழியில் போடலாம். நைலானாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். ஆனால் வாடல் நோயோ மொசைக் நோயோ வந்த பாத்தியின் கயிற்றை எருவில் சேர்க்காதீர்கள், அடுத்த பட்டத்துக்கும் எடுத்து வைக்காதீர்கள். தக்காளி மொசைக் வைரஸ் காய்ந்த சாற்றில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அப்படிப்பட்ட செடியைத் தொட்டபின் கையையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே அடுத்த செடியைக் கட்டுங்கள்.