பனிக்கால விடுமுறைக்குக் குட்டிகளுக்கு என்ன படப் புத்தகம் வாங்கலாம்? கேள்வி-பதில்

பனிக்கால விடுமுறை நெருங்க நெருங்க, சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் படப் புத்தகம் வாங்குவது என்ற கேள்விகள் வரிசையாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: அட்டையில் பனியும் நட்சத்திரமும் இருப்பதாலேயே அது நல்ல புத்தகம் ஆகிவிடாது, உள்ளே திறந்து ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசித்துப் பார்த்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

கேள்வி: என் பேத்திக்கு ஒன்றரை வயது. எதைக் கொடுத்தாலும் முதலில் வாய்க்குத்தான் போகிறது. பண்டிகைக்கென்று வரும் புத்தகங்கள் எல்லாம் ஜிகினாவும் ரிப்பனுமாக இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: இந்த வயதுக்கு போர்டு புக் என்று சொல்கிறோமே, ஒவ்வொரு பக்கமும் கெட்டி அட்டையாக இருக்கும் புத்தகம், அதுதான் சரி. முனைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்கின்றனவா, இரண்டு கையாலும் பிள்ளையே தூக்கித் திருப்பும் அளவில் இருக்கிறதா, பக்கத்துக்கு ஒரு பெரிய படமும் ஓரிரு வார்த்தையும் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜிகினா விஷயத்தில் ஒரு சின்னச் சோதனை போதும். ஜிகினா இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், விரலில் துகள் ஒட்டினால் வேண்டாம், அது பேத்தியின் நாக்கிலும் ஒட்டும். முயலின் வால், தாத்தாவின் தாடி என்று பஞ்சு ஒட்டியிருக்கும் புத்தகங்களில் அந்தப் பஞ்சை நகத்தால் லேசாக இழுத்துப் பார்க்கலாம். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கும் வகைப் புத்தகம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்தான், ஆனால் மெல்லிய தாளில் செய்த மூடி இந்த வயதில் சீக்கிரம் கிழிந்து, கிழிந்த துண்டு வாய்க்குப் போகும். மூடியும் அட்டையாகவே இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

இன்னொன்று. பெரிய பிள்ளைகளுக்கென்று வந்த புகழ்பெற்ற கதைகள் பலவும் பிறகு போர்டு புக்காகவும் வருகின்றன. சிலவற்றில் கதை அப்படியே இருக்கும், சிலவற்றில் பாதி வரிகளை வெட்டி, படங்களையும் குறைத்திருப்பார்கள். நீங்கள் நினைத்து வைத்திருக்கும் கதை முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் மணியோசையும் பாட்டும் வரும் புத்தகத்தை என் இரண்டு வயது மகன் விடாமல் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: பேட்டரி இருக்கும் இடத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இது ஒன்றில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் காசு போன்ற சின்னப் பட்டன் பேட்டரிதான் இருக்கும். அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டு, எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் ஓடி, 2 மணி நேரத்துக்குள்ளேயே உட்சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். ஆகவே மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இருக்க வேண்டும், கையால் தள்ளித் திறக்கும் மூடி என்றால் பேச்சே வேண்டாம். முதுகுப் பக்கத்து அட்டை பிரிந்து வருகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள், ஸ்க்ரூ உறுதியாக இருந்தாலும் அட்டை பிரிந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். ஒருவேளை விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேட்டரி தீர்ந்த பிறகும் அந்தப் புத்தகத்தைப் பொம்மைக் கூடையில் போட்டு வைக்கக் கூடாது, தீர்ந்ததாக நாம் நினைக்கும் பேட்டரியிலும் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

ஓசை வரும் புத்தகமே ஆகாது என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வயதில் மணியோசையை நீங்களே வாயால் எழுப்பிக் காட்டினால், அதைத்தான் மறுபடி மறுபடி கேட்பான்.

கேள்வி: வீட்டில் இரண்டு பேர், ஒருத்திக்கு மூன்று வயது, அண்ணனுக்கு ஆறு. இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து இரவில் வாசிக்க ஒரே புத்தகம் கிடைக்குமா, இல்லை தனித்தனியாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: கிடைக்கும். ஆனால் பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை மட்டும் நம்பாதீர்கள். பக்க எண்ணிக்கையும் உதவாது, ஏனென்றால் பெரிய தாளில் அச்சடித்து எட்டு, பதினாறு பக்கங்களாக மடிப்பதால் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் வந்து நிற்கும், மூன்று வயதுக்கானதும் 32, ஏழு வயதுக்கானதும் 32. நடுவில் ஒரு இடத்தைத் திறந்து எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக்குப் பத்து வரி என்றால் மூன்று வயதுக்காரி நாலாவது பக்கத்தில் இறங்கி ஓடிவிடுவாள். இரண்டு மூன்று வரி, அதோடு திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம், அவளும் சேர்ந்து சொல்ல வசதியாக. அண்ணனுக்கு அது போதாது, அவனுக்கு ஒரு சிக்கலும் அது எப்படித் தீர்ந்தது என்பதும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே புத்தகத்தில் சேர்வது எங்கே என்றால், வரியில் சொல்லாததைப் படம் சொல்லும் புத்தகத்தில். ‘எல்லோரும் தூங்கிவிட்டார்கள்’ என்று வரி இருக்கும், படத்தில் ஜன்னலோரம் ஒரு நரி முழித்துக்கொண்டு நிற்கும். தங்கை வரியைக் கேட்பாள், அண்ணன் நரியைக் கண்டுபிடிப்பான், அடுத்த பக்கம் அது எங்கே என்று இரண்டு பேரும் தேடுவார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வாய்விட்டு வாசிப்பது. எதுகைக்காக வார்த்தையை முறுக்கி வைத்திருக்கும் பாட்டுக் கதைகள் இந்த சீசனில் ஏராளமாக வரும். கண்ணால் படிக்கும்போது தெரியாது, வாயால் சொல்லும்போது நாக்கு இடறும். ஒரு இரவில் மூன்று தடவை வாசிக்கப் போவது நீங்கள், உங்கள் நாக்குக்கும் அது இதமாக இருக்க வேண்டும்.

வார்த்தையே இல்லாத படப் புத்தகம் ஒன்றையும் யோசியுங்கள். ரேமண்ட் பிரிக்ஸ் 1978-இல் கொண்டுவந்த ‘தி ஸ்னோமேன்’ அப்படிப்பட்டது, ஒரு பையனும் அவன் செய்த பனிமனிதனும், முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் படங்கள் மட்டும். ஆறு வயதுக்காரன் தங்கைக்குத் தானே கதை சொல்லிவிடுவான், வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் இரண்டிலும் சொல்லலாம். ஆனால் முடிவில் பனிமனிதன் உருகிப்போய்த் தொப்பியும் துண்டும் மட்டும் கிடக்கும். அழுதுவிடுகிற பிள்ளை என்றால் நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்து காட்டுங்கள். வார்த்தை சேர்த்த பதிப்புகளும் இதே பாத்திரத்தோடு விற்பனையில் உண்டு, எது உங்கள் கைக்கு வருகிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் எந்த மதப் பண்டிகையும் கொண்டாடுவதில்லை. ஆனால் மகளின் வகுப்பில் பல வீட்டுப் பிள்ளைகள், பல பண்டிகைகள். எல்லாவற்றையும் பற்றி அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. ‘உலகப் பண்டிகைகள்’ என்று ஒரே தொகுப்பாக வாங்கிவிடவா?

பதில்: தொகுப்பை விட, தனித்தனியாக ஒரு வீடு, ஒரு பிள்ளை, ஒரு இரவு என்று கதை சொல்லும் இரண்டு மூன்று புத்தகங்கள் மேல். தொகுப்பில் ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு பக்கம் கிடைக்கும், பெயரும் விளக்கும் மட்டும் ஞாபகம் நிற்கும்.

கவனமாகச் செய்த புத்தகமா என்று கண்டுபிடிக்கப் படங்களை எண்ணினாலே போதும். யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு ஏற்றும் விளக்கில் ஒன்பது இடங்கள் இருக்க வேண்டும், இரவுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்ற எட்டு இரவுகளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்றித் தரும் துணை மெழுகுவர்த்திக்கு ஒன்று. ஏழு கிளை விளக்கை வரைந்து ஹனுக்கா என்று போட்டிருந்தால், வரைந்தவர் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாம் இரவுக் கதையில் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் கொண்டாடும் குவான்சாவுக்கு ஏழு மெழுகுவர்த்திகள், நடுவில் கறுப்பு ஒன்று, ஒரு பக்கம் மூன்று சிவப்பு, மறுபக்கம் மூன்று பச்சை. இதையெல்லாம் சரியாக வரைந்தவர் மற்றதிலும் அக்கறை காட்டியிருப்பார் என்று நம்பலாம்.

பண்டிகையே இல்லாத பனிக்காலப் புத்தகமும் வேண்டும் என்றால் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து 1962-இல் வெளிவந்த ‘தி ஸ்னோயி டே’யைச் சொல்வேன். அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகத்துக்குத் தரும் கால்டிகாட் பதக்கம் வாங்கியது. சிவப்பு உடையில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் கால்தடம் பதித்து நடக்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான், பிறகு பார்த்தால் பை காலி. அவ்வளவுதான் கதை, எந்த மதத்தின் அடையாளமும் இல்லை. பனியையே பார்க்காத ஊர்ப் பிள்ளைக்கும் அந்தக் காலிப் பை புரிந்துவிடும்.

கேள்வி: ஹனுக்கா பற்றி பூதங்கள் வரும் கதை ஒன்றைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நாலு வயதுக்குச் சரிப்படுமா?

பதில்: எரிக் கிம்மல் எழுதி ட்ரினா ஷார்ட் ஹைமன் வரைந்த, 1989-இல் வந்த ‘ஹெர்ஷல் அண்ட் தி ஹனுக்கா காப்ளின்ஸ்’ஸைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அருமையான புத்தகம். ஆனால் இரவு செல்லச் செல்ல வரும் பூதங்கள் பயங்கரமாகிக்கொண்டே போகும், படங்களும் இருட்டாக இருக்கும். பயந்த சுபாவம் என்றால் ஒரு வருடம் பொறுங்கள், பயமுறுத்தும் கதையை விரும்பிக் கேட்கிறவள் என்றால் இந்த வருடமே.

கேள்வி: ஆன்லைனில் அழகழகான அட்டையோடு ரொம்ப மலிவாகப் பனிக்காலக் கதைப் புத்தகங்கள் கிடைக்கின்றன. வந்த பிறகு ஏமாற்றமாக இருக்கிறது. முன்னாடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் படம் வரைந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். படப் புத்தகத்தில் வரைந்தவர் பாதி ஆசிரியர், அவர் பெயரே இல்லை என்றால் சந்தேகப்படலாம். மாதிரிப் பக்கங்கள் காட்டினால், ஒரே பிள்ளையைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுங்கள். முதல் படத்தில் கோடு போட்ட ஸ்வெட்டரும் அடுத்ததில் புள்ளி போட்டதுமாக இருக்கிறதா, கையுறைக்குள் விரல் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, பலகையில் எழுதியிருப்பது எழுத்தா வெறும் கிறுக்கலா? கம்ப்யூட்டரில் சரசரவென்று உருவாக்கி, ஒருவரும் சரிபார்க்காமல் விற்கும் புத்தகங்கள் இங்கேதான் அகப்படும். பனித்துகளையும் பாருங்கள். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகச் சேர்வதால் பனிப்படிகத்துக்கு ஆறு முனைதான், எட்டு முனை வரைந்திருந்தால் அது அலங்காரம். இந்த ஒன்றுக்காக நல்ல கதையைத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் பனியின் அறிவியல் சொல்கிறேன் என்று வரும் புத்தகத்தில் இந்தப் பிழை இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

அளவை சென்டிமீட்டரில் படியுங்கள், அட்டைப் படத்தை வைத்து எடை போடாதீர்கள், உள்ளங்கை அளவுப் பதிப்பும் திரையில் பெரிதாகத்தான் தெரியும். ஹார்ட்கவர், பேப்பர்பேக், போர்டு புக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண், அதாவது அந்தப் பதிப்பின் அடையாள எண், உண்டு, ஆர்டர் செய்யும் முன் வேண்டிய பதிப்பின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டால் ஒன்று கேட்டு இன்னொன்று வரும் தொல்லை இல்லை. பிள்ளையின் பெயரை அச்சிட்டுத் தரும் புத்தகம் என்றால் பெயரின் எழுத்தை இரண்டு பேர் சரிபாருங்கள், அவற்றைப் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை.

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமா என்ற ரகசியத்தைச் சில புத்தகங்கள் உடைத்துவிடுகின்றனவாமே?

பதில்: ஆமாம், பெரிய பிள்ளைகளுக்கான சிலவற்றில் வரும். கடைசி நாலு பக்கத்தை நீங்கள் முதலில் வாசித்துவிட்டுக் கொடுங்கள். அடுத்தவர் பிள்ளைக்குப் பரிசு என்றால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

கேள்வி: நாலைந்து புத்தகம் வாங்க வசதி இல்லை. பழையது வாங்கலாமா? எப்போது வாங்குவது?

பதில்: தாராளமாக வாங்கலாம். முதலில் நூலகத்தில் எடுத்து வந்து வாசியுங்கள், பிள்ளை எதை மறுபடி கேட்கிறதோ அதை மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும். டிசம்பரில் நூலகத்திலும் இந்தப் புத்தகங்கள் கையில் நிற்காது, அதனால் ஒரு மாதம் முன்பே பெயர் பதிந்து வையுங்கள். ஹனுக்கா யூத நாட்காட்டிப்படி வருவதால் சில வருடம் நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும், அதற்கு இன்னும் முன்னதாக. பழையதில் கிழிந்த மூடி, காணாமல் போன பக்கம், பூஞ்சை வாடை, இந்த மூன்றையும் பாருங்கள், பெயர் எழுதியிருப்பதும் சின்னக் கிறுக்கலும் பரவாயில்லை. பூஞ்சை வாடை வந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள், மற்ற புத்தகங்களுக்கும் பரவும். பண்டிகை முடிந்த வாரம் மிச்சப் புத்தகங்களுக்கு விலை குறைப்பது வழக்கம், அடுத்த வருடத்துக்கு அப்போதே எடுத்து வைக்கலாம். அதற்குள் பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்து எடுங்கள்.