அந்த 'சரிம்மா'வுக்கு என்ன அர்த்தம்?

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்றரை வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவளாக, இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். போன மாதம் ஒரு ஆர்டருக்கு லேப் டிப்பில் (சாயம் போட்டுக் காட்டும் சின்ன மாதிரித் துணிகள்) பி ஆப்ஷனை பையர் ஓகே செய்து, கொஞ்சம் சிவப்பு ஏற்றச் சொல்லியிருந்தார். டையிங் மாஸ்டருக்கு போன் போட்டு, "அண்ணா, பி ஓகே, கொஞ்சம் ரெட் டோன் ஏத்தணும்" என்றேன். "சரிம்மா" என்றார். 400 கிலோ துணியும் பழைய பி ஷேடிலேயே வந்தது. டாப்பிங் போட்டு, அதாவது மேலே இன்னும் சாயம் ஏற்றி, ஒருவழியாகத் தேற்றினார்கள், ஆனால் டெலிவரி 4 நாள் தள்ளிப்போனது. "உனக்கு கம்யூனிகேஷனே இல்ல" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

நீங்களும் மாஸ்டரும் பேசியது தமிழில், காரியம் கெட்டதும் தமிழில்தான். இங்கிலீஷ் வகுப்பு இதில் என்ன செய்துவிடும்? நம் ஆபீஸ்களில் கம்யூனிகேஷன் என்றாலே திக்காமல் இங்கிலீஷ் பேசுவது என்று ஆகிவிட்டது, அதனால் தமிழில் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நம்மிடம் 'சரி' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப்போல ஆளைக் கவிழ்ப்பது வேறில்லை. காதில் விழுந்தது என்பதற்கும் சரி, ஒத்துக்கொள்கிறேன் என்பதற்கும் சரி, செய்துவிடுகிறேன் என்பதற்கும் சரி, 'போனை வைம்மா, மெஷின் ஓடிக்கிட்டிருக்கு' என்பதற்கும் அதே சரிதான். உங்கள் மாஸ்டர் சொன்னது எந்தச் சரி?

இங்கிலீஷ்காரர்களின் 'ஓகே'யும் லேசுப்பட்டதல்ல. 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம், ஓடுபாதை முழுக்கப் பனிமூட்டம். கே.எல்.எம். விமானத்திலிருந்து, நாங்கள் டேக்ஆஃப் செய்கிறோம் என்பதுபோல ஒரு வாக்கியம் வந்தது. கன்ட்ரோல் டவரில் இருந்தவர் "ஓகே" என்று தொடங்கி, ஒரு கணம் விட்டு, டேக்ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானமும் பேச, இரண்டு குரலும் மோதி ரேடியோவில் ஒரே கீச்சொலி. கே.எல்.எம். காதில் தெளிவாக விழுந்தது அந்த ஓகே மட்டும். இரண்டு விமானமும் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் விதிகளை இறுக்கினார்கள். டேக்ஆஃப் என்ற சொல்லை அதற்கு அனுமதி தரும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும். கொடுத்த அனுமதியை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ஓகே போதாது.

இப்போது உங்கள் வாக்கியத்தைப் பாருங்கள். "பி ஓகே, கொஞ்சம் ரெட் டோன் ஏத்தணும்." முடிவு முதலில், நிபந்தனை பின்னால். சாஃப்ட் ஃப்ளோ என்கிற சாய மெஷின் இரைச்சலில் நிற்கிற மனிதருக்கு 'பி ஓகே' காதில் விழுந்ததும் வேலை முடிந்தது, மீதியைக் கேட்க அவர் அங்கே இல்லை. தமிழில் வினை கடைசியில்தானே வரும், நிபந்தனையை முன்னால் வைப்பது நமக்குச் சுலபம். "அண்ணா, பி-யில ரெட் ஏத்தின பிறகுதான் போடணும், அப்படியே போட்டுடாதீங்க." அப்புறம் அந்தக் 'கொஞ்சம்'. உங்கள் கொஞ்சமும் அவர் கொஞ்சமும் ஒன்றா? பையர் ஸ்வாட்ச், அதாவது மாதிரித் துணித்துண்டு, அனுப்பியிருந்தால் அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதே மேல்.

நான் வேலை பார்த்தது ரயில்வேயில், ஸ்டேஷன் மாஸ்டராக. கேட்டை மூடச் சொல்லி கேட்மேனுக்கு போன் செய்தால் "சரி சார்" என்பது பதிலே கிடையாது. மூடிய பிறகு, தன்னிடமுள்ள தாளில் அடுத்து இருக்கிற இரண்டு இலக்க எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்போம். "கேட் மூடியாச்சு சார், நாலு ஏழு, நாற்பத்தேழு." நான் அதைத் திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. சொன்ன எண்ணை அவர் அங்கே அடித்துவிடுவார், மறுபடி அது வராது. தூக்கக் கலக்கத்தில் 'ம்' கொட்டிவிடலாம், நாற்பத்தேழு என்று உளற முடியாது. ஒருமுறை ஆள் நல்ல பழக்கமாயிற்றே என்று நம்பர் வாங்காமல் போனை வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே வயிறு கலங்கி மறுபடி சுழற்றியிருக்கிறேன். கேட் மூடித்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு டீ இறங்கவில்லை.

30 வருட அனுபவமுள்ள மாஸ்டரிடம், சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று இந்த வயதில் நீங்கள் கேட்டால் முகம் சுருங்கும், தெரியும். பழியை உங்கள் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். "அண்ணா, நான் உளறிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு, என்ன போடப்போறீங்கன்னு ஒருதடவை சொல்லிடுங்களேன்." சொல்லிவிடுவார். கையோடு வாட்ஸ்அப்பில் ஒரே வரி: லாட் நம்பர், ஷேட், எத்தனை கிலோ, என்ன திருத்தம். அதற்கு அவர் கட்டைவிரல் படம் அனுப்பினால் அதுவும் இன்னொரு சரிம்மாதான், விடாதீர்கள்.

உங்கள் மேனேஜரும் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாரே தவிர, போனில் என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் விஷயம் பிடிபட்டிருக்கும்.

வகுப்பில் சேர்வதானால் சேருங்கள், பையர் மெயிலுக்கு உதவும். மாஸ்டரிடம் அடுத்த லாட்டைச் சொன்ன பிறகு அவர் என்ன திருப்பிச் சொன்னார் என்று எழுதுங்கள், அவருடைய வார்த்தையிலேயே.