பணம் என்னுடையது, பத்திரம் தம்பி பேரில்

கேள்வி: நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். 2019-ல் ஊரில் ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு வாங்கினோம். பணம் முழுக்க என் சம்பளம், பேங்க் வழியாகவே போனது. ஊரில் இருந்து பார்த்துக்கொள்வான் என்று தம்பி பேரில் கிரயம் செய்தோம். இப்போது குத்தகைப் பணத்தையும் அவனே வாங்கிக்கொள்கிறான், கேட்டால் பத்திரத்தைக் காட்டுகிறான். ‘நீங்கள்தான் பெனிஃபிஷியல் ஓனர், கேஸ் போடுங்கள்’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?
– போச்சம்பள்ளி வாசகர்

பதில்: அவசரப்பட்டு அந்த வார்த்தையை மனுவில் எழுதிவிடாதீர்கள். பேர் ஒருவரிடம், பலன் இன்னொருவருக்கு என்றால் பலனுக்கு உரியவர்தான் பெனிஃபிஷியல் ஓனர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1988-ல் வந்து 2016-ல் கடுமையாக்கப்பட்ட நம் பினாமி தடைச் சட்டத்தில் அந்தச் சொல் பினாமிக்குப் பின்னால் நிற்கிற ஆளைக் குறிக்கிறது. ‘அது நான்தான்’ என்று கோர்ட்டில் சொன்னால், தம்பி என் பினாமி என்று உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி.

4-ஆவது பிரிவு இன்னும் கறார்: பினாமி பேரில் இருக்கும் சொத்தை, நிஜத்தில் என்னுடையது என்று கேட்டு வழக்கே போட முடியாது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கணக்கில் காட்டிய பணத்தில் மனைவி பேரிலோ பிள்ளைகள் பேரிலோ வாங்கினால் அது பினாமி ஆகாது. உடன்பிறந்தவர்கள் என்றால் கூடுதலாக ஒரு நிபந்தனை, ஏதாவது ஒரு ஆவணத்தில் உங்கள் பேரும் கூட்டு உரிமையாளராக வந்திருக்க வேண்டும். நீங்கள் சறுக்கியது இங்கேதான். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும், அந்தப் பாத்தியம் யாருக்கு என்று எழுதியிருக்கிறது? தம்பிக்கு மட்டும் என்றால் பேங்க் ஸ்டேட்மெண்ட் பணம் உங்களுடையது என்று காட்டும், அவ்வளவுதான். நிலத்தை வாங்கித் தராது.

தம்பியே மனசு மாறி எழுதித் தருகிறேன் என்றாலும் சிக்கல்தான். பினாமி சொத்தை அப்படித் திருப்பி எழுதினால் செல்லாது என்கிறது 6-ஆவது பிரிவு. குற்றம் நிரூபணமானால் 1 முதல் 7 வருடம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிமுதல். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஊரில் அண்ணன் தம்பிக்குள் இப்படி வாங்குவது சர்வ சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

வழியே இல்லையா என்றால், கூட்டுக் குடும்பப் பணமும் அதில் கலந்திருந்தால் கதை வேறு, அதற்கும் சட்டத்தில் தனி விலக்கு இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் எனக்காக வைத்திருக்கிறான் என்றும் வாதாடலாம், ஆனால் தம்பி என்பதற்காக மட்டும் கோர்ட் அதை லேசில் ஏற்காது. நோட்டீஸ் அனுப்பும் முன்பே பத்திர நகல், வில்லங்கம், பேங்க் கணக்கு மூன்றையும் சிவில் வழக்கு பார்க்கிற வக்கீலிடம் காட்டுங்கள். நோட்டீசில் எழுதியதை அப்புறம் மாற்ற முடியாது.

கேள்வி: அப்பா வீட்டை எனக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொண்டார். வீடு இப்போது யாருடையது?
– பாலக்கோடு வாசகி

பதில்: இரண்டு பேருக்கும் உரிமை உண்டு. சொத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள இந்த உரிமையைத்தான் சட்டத்தில் இன்ட்ரஸ்ட் என்பார்கள் (வட்டி இல்லை!). அப்பா குடியிருக்கலாம், வாடகையும் அவருக்கே. நீங்கள் விற்றாலும் வாங்குகிறவர் அப்பா காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் பத்திரத்தில் உரிமை இன்றே உங்களுக்கு வந்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘என் காலத்துக்குப் பின் சேர வேண்டியது’ என்று மட்டும் இருந்தால், தலைப்பு செட்டில்மெண்ட் என்றாலும் அதை உயிலாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்பா நினைத்தால் மாற்றி எழுதிவிடலாம்.