போதையும் பரம்பரையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அந்தத் தைரியத்தில் வீட்டு விஷயம் ஒன்றைக் கேட்கிறேன். என் அப்பா குடியால் ஈரல் கெட்டு இறந்தார். அண்ணனுக்கு ஒரு விபத்துக்குப் பிறகு வலிக்காக ஓபியாய்டு என்ற அபின் வகை மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. கடைசியில் ஹெராயினில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். உள்ளே இருக்கும்வரை நன்றாக இருந்தார். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் மறுபடி அதே கதை. இப்போது ஒரு மருத்துவர் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை கொடுக்கிறார். வேலைக்குப் போகிறார், நேரத்துக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஆனால் அம்மா, "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை, இதையும் விட்டால்தான் குணமானதாக அர்த்தம்" என்று தினமும் நெருக்குகிறார். அண்ணனும் நிறுத்திவிடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

மருத்துவர் இதை மூளை நோய் என்கிறார். எங்கள் சேமிப்புப் பணத்தைத் திருடினாரே, அதுவும் நோயா? இன்னொன்று: என் மகனுக்கு 13 வயது. அப்படியே மாமா ஜாடை. "ரத்தத்திலேயே இருக்கிறது, ஜாக்கிரதை" என்று உறவினர்கள் சொல்லும்போது வயிற்றைக் கலக்குகிறது. மரபணுச் சோதனை செய்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மகனைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். நடுவில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்கள், அதுதான் அவசரம். அண்ணன் அந்தப் புப்ரெனார்ஃபின் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் குறைக்கவும் வேண்டாம். அம்மாவிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

ஓபியாய்டுகள் வலியை மட்டும் தணிப்பதில்லை, மூச்சை நடத்தும் மூளைத்தண்டையும் மந்தப்படுத்தும். தினமும் எடுப்பவரின் உடம்பு இதற்குப் பழகிப் பெரிய அளவையும் தாங்கும். நிறுத்தியதும் அந்தத் தாங்குசக்தி சீக்கிரமே இறங்கிவிடுகிறது. ஆசை அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. ஒரு கெட்ட நாளில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஹெராயின் பழக்கத்தோடு சிறைக்குப் போனவர்களுக்கு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. புப்ரெனார்ஃபினும் ஓபியாய்டுதான், அம்மா சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது நரம்பணுக்களில் ஓபியாய்டு வந்து ஒட்டும் இடங்களை, இறுகப் பற்றிக்கொண்டு அவற்றை ஓரளவே தூண்டும். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதன் விளைவு பெரிதாக ஏறாது. மேலே ஹெராயின் வந்தாலும் உட்கார இடமிருக்காது. உடம்பு முறுக்கல், வாந்தி, தூக்கமின்மை எதுவும் இல்லாமல் ஒரு மனிதர் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடிகிறது. இதே வேலைக்குத் தரும் மெத்தடோன் என்ற மருந்தோ புப்ரெனார்ஃபினோ எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் இறப்பு விகிதம், எடுக்காத காலத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. மனநல மருத்துவத்தில் இவ்வளவு தெளிவாக உயிரைக் காக்கும் மருந்துகள் அதிகம் இல்லை. வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குணமாவது என்றால் என்ன என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அதுதான் உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, மூளை நோய் என்ற பேச்சுக்கு வருகிறேன். 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைத்தார்கள். ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் சிறு மின்தூண்டல். எலிகள் ஓயாமல் அழுத்தின. மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பாதையில் ஓடும் வேதிப்பொருளான டோபமைனுக்கும் இன்ப ரசாயனம் என்ற பெயர் வந்தது. இன்றும் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1980களின் கடைசியில் அமெரிக்காவில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் முகத்தைக் கவனித்தார். இனிப்பு நாக்கில் பட்டால் எலி உதட்டை நக்கும், கசப்பு பட்டால் வாயைப் பிளக்கும். டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்த பிறகும் எலிகள் இனிப்புக்கு அதே மாதிரி உதட்டை நக்கின. ருசி அப்படியே இருந்தது. ஆனால் உணவைத் தேடிப் போகவே இல்லை. ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1993இல் முன்வைத்த கருத்து இதிலிருந்து வந்தது: மூளையில் பிடிப்பது வேறு, வேண்டும் என்ற உந்துதல் வேறு. டோபமைன் இரண்டாவதைச் சேர்ந்தது.

போதைக்கு ஆட்பட்டவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். "இப்போது அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை" என்று அவர்கள் சொல்வதை நாம் சாக்கு என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் உண்மை. பழக்கம் முற்ற முற்ற இன்பம் தேய்கிறது, உந்துதல் பெருகுகிறது.

ஏன் பெருகுகிறது என்பதற்கு வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வு ஒரு துப்பு கொடுத்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாறுக்கு முன்பு தவறாமல் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வந்தபோது ஒன்றும் இல்லை. எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி நடந்தால் மூளைக்குக் கற்க எதுவும் மிச்சமில்லை. போதைப்பொருள் இந்தக் கணக்கை ஏமாற்றுகிறது. கொக்கெய்ன், வெளியான டோபமைன் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். நிகோட்டின் அந்த நரம்பணுக்களை நேராகவே தூண்டும். ஹெராயின், அவற்றின் மேல் பிரேக் போட்டு வைத்திருக்கும் அணுக்களை மௌனமாக்கும். எந்த வழியானாலும், எதிர்பார்த்தே எடுத்தாலும் டோபமைன் எகிறுகிறது. அப்போது, "நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது, இதை மனதில் வை" என்ற பாடம் மூளையில் திரும்பத் திரும்பப் பதிகிறது. பொருளோடு கூடவே அந்தத் தெருவும், அந்த நண்பரின் குரலும், கையில் பணம் வந்த நாளும் பதிகின்றன. அப்புறம் அவற்றில் ஒன்றைக் கண்டாலே உந்துதல் எழும்.

அண்ணன் மையத்தில் நன்றாக இருந்து வீட்டுக்கு வந்ததும் சறுக்கியதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு ஆட்பட்ட அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் 1970களில் தொடர்ந்து ஆராய்ந்தார். சாதாரணப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். நாடு திரும்பிய மூன்று ஆண்டுகளில் அவர்களில் சுமார் 12 சதவீதம் பேர்தான், அதுவும் பலர் கொஞ்சக் காலத்துக்கு மட்டும், மறுபடி ஆட்பட்டார்கள். யாரும் நம்பவில்லை. அவர்கள் பழகிய இடம் கடல் தாண்டி இருந்தது. திரும்பி வந்த இடத்தில் பழைய தூண்டுதல்கள் இல்லை. உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது இதன் தலைகீழ். சுத்தமாகி, பழகிய இடத்துக்கே திரும்பினார். அவர் மனவலிமை இல்லாதவர் என்று இதைப் படிக்க வேண்டாம்.

திருட்டு பற்றிக் கேட்டீர்கள். அவர் திருடியது அவர் செய்ததுதான். மூளையில் நடப்பதைச் சொல்வது மன்னிப்புச் சீட்டு ஆகாது. 1990களில் நோரா வோல்கோவ் முதலியோர் எடுத்த மூளைப் படங்களில், கொக்கெய்ன் பழக்கம் முற்றியவர்களுக்கு டி2 என்ற வகை டோபமைன் ஏற்பிகள் குறைந்திருந்தன, முடிவெடுக்கும் முன்மூளையின் இயக்கமும் தணிந்திருந்தது. நிதானிக்கும் சக்தி பலவீனமாகிறது என்பது உண்மை. ஆனால் முற்றிலும் போய்விடுவதில்லை. பரிசோதனையில் போதை இல்லை என்று தெரியும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பரிசுச்சீட்டு கொடுக்கும் சிகிச்சை முறை இருக்கிறது. கொக்கெய்ன் பழக்கத்துக்கு அது நல்ல பலன் தருகிறது. விளைவைப் பார்த்து நடத்தை மாறுகிறது என்றால், தேர்வு செய்யும் இடம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது. ஆகவே நோயாளி என்று அவருக்கு மருந்து வாங்கித் தருவதும், எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. உங்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. அதை மாத்திரையின் மேல் காட்டாமல் இருந்தால் போதும்.

இனி உங்கள் மகன். இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், போதைக்கு ஆட்படும் வாய்ப்பில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் சுமார் பாதி மரபு சார்ந்தது என்கின்றன. இந்தப் பாதியைத்தான் உறவினர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பையனுக்கு ஐம்பது சதவீத ஆபத்து என்று இதற்கு அர்த்தமே கிடையாது. ஒரு மக்கள்தொகைக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது, ஒரு தனிப் பிள்ளையைப் பற்றியதல்ல. ஸ்வீடனில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 2012இல் வந்த பெரிய ஆய்வில், பெற்றவர்களில் ஒருவருக்காவது போதைப்பழக்கம் இருந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேர் அதில் விழுந்தார்கள். மற்றத் தத்துப் பிள்ளைகளில் 4.2 சதவீதம். ஆபத்து இரு மடங்கு என்று பயப்படலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விழவே இல்லை என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. உங்கள் மகனுக்கு அவர் மாமா, அப்பாகூட இல்லை.

சோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 1990இல் டோபமைன் டி2 மரபணுவில் குடிநோய்க்கான மாறுபாடு கிடைத்துவிட்டதாகப் பெரிய பரபரப்பு எழுந்தது. பின்வந்த ஆய்வுகளில் அது அவ்வளவு வலுவாக நிற்கவில்லை. 2019இல் பன்னிரண்டு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்தபோது, புகைப்பழக்கத்தோடும் குடிப்பழக்கத்தோடும் தொடர்புள்ள நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் மரபணுத்தொகுதியில் தெரிந்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஒரு தாத்தாவும் மாமாவும் பாதிக்கப்பட்டார்கள் என்ற குடும்பக் கதை சொல்வதைவிட அதிகமாக எந்தச் சோதனையும் இன்று சொல்லாது.

மிகச் சில மரபணுக்களே பெரிய விளைவோடு நிற்கின்றன, அவற்றில் ஒன்றின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும், பிறகு ஒரு நொதி அதைக் கரைக்கும். கிழக்காசியாவில் பலருக்கு ஏஎல்டிஹெச்2 என்ற மரபணுவின் ஒரு மாறுபாட்டால் அந்த நொதி வேலை செய்வதில்லை. ஒரு கோப்பை குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் இதைப் பெற்றவர்கள் குடிநோயாளி ஆவது மிக அபூர்வம். குடியை விட வைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. அதாவது போதைப்பழக்கத்தில் மிகப் பெரிய விளைவு உள்ள மரபணு முக்கியமாக வேலை செய்வது ஈரலில். அதற்கும் மன உறுதிக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை! இன்னும் கேளுங்கள். ஜப்பானியக் குடிநோயாளிகளில் இந்த மாறுபாட்டின் ஒரு பிரதி உள்ளவர்கள் 1979இல் 2.5 சதவீதம், 1992இல் 13 சதவீதம். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. குடிக்கும் சூழல்தான் மாறியது, அதன் அழுத்தத்தில் பிறவிப் பாதுகாப்பே பலருக்குப் போதாமல் போனது. மரபு தரும் பாதுகாப்பைச் சூழல் உடைக்க முடியும் என்றால், மரபு தரும் ஆபத்தையும் சூழல் தணிக்க முடியும் என்று நான் நம்புகிறேன். அந்த ஸ்வீடன் ஆய்விலும் வளர்த்த வீட்டின் நிலை பிள்ளைகளின் ஆபத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது.

உங்கள் கையில் இருப்பதில் முக்கியமானது வயது. அமெரிக்காவில் 1990களில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பிறகு மதுவுக்கு ஆட்பட்டார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் பத்து சதவீதம் போல. சீக்கிரம் தொடங்குபவர்களுக்கு வேறு சிரமங்களும் இருந்திருக்கலாம், எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் முன்மூளை முதிர இருபதுகளின் நடு ஆகிறது, தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் லாபம். மாமாவுக்கும் தாத்தாவுக்கும் நடந்ததை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஜாடையைக் காட்டிப் பயமுறுத்தும் உறவினர்களை நிறுத்துங்கள், 13 வயதில் அதைக் கேட்டு வளரும் பையன் அதை நம்பிவிடுவான். என்றாவது அவனுக்கு அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு என்று வந்தால், வலி மருந்து எழுதும் மருத்துவரிடம் இந்தக் குடும்ப வரலாற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அண்ணனின் மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். பழகாத உடம்பில், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, ஒன்றே ஆபத்தாகலாம். ஓபியாய்டு மிகையானால் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நாலாக்ஸோன் மருந்து வீட்டில் இருக்கட்டும். அதை எப்படிக் கொடுப்பது என்று அண்ணனின் மருத்துவரிடம் நீங்களும் அம்மாவும் சேர்ந்தே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். மாத்திரை எவ்வளவு காலம் தேவைப்படும் என்ற அம்மாவின் கேள்வியையும் அவரிடமே நேரில் கேட்டுவிடலாம்.

அன்புடன்.