பக்கவாதத்தில் இறுகிப்போன கைக்கு ஷாக் வேவ் சிகிச்சை கொடுக்கலாமா? பலன் உண்டா?

எங்கள் வீட்டில் முதலில் தடை போட்டது அம்மாதான். அப்பாவுக்கு 'ஷாக்' என்று காதில் விழுந்ததும், "அவருக்குக் கைதானே வரலை, புத்தி நல்லாத்தானே இருக்கு? எதுக்குக் கரண்ட் வைக்கிறாங்க?" என்று பிடித்துக்கொண்டார். இதில் கரண்டே கிடையாது. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கிறார்களே, அந்த வழியில் வந்த அழுத்த அலை. விசையை வெகுவாகக் குறைத்துத் தசைமேல் கொடுக்கிறார்கள். இதை அம்மாவுக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் போனது.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விரல்கள் மடங்கி, பூட்டுப் போட்ட மாதிரி இருக்கும். நகம் வெட்ட இரண்டு பேர் வேண்டும். நான் விரலைப் பிரித்துப் பிடிக்க, தம்பி வெட்டுவான். உள்ளங்கை வேர்த்து ஊறி நாற்றமெடுக்கும். ஒருமுறை நகம் பதிந்து புண்ணே ஆகிவிட்டது. இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரையைக் கூட்டினால் பகலெல்லாம் தூங்கி வழிந்தார். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதம்தான் தாங்கும் என்றார்கள். விலையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டோம்.

வாரம் ஒன்றாக மூன்று தடவை போனோம். பிசியோ முன்கையில் ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி இருந்ததை வைத்து அழுத்தினார். தையல் மிஷின் ஓடுகிற சத்தம். தடவைக்கு 2000 முறை அலை அடித்தது, பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. தோல் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

இறுக்கத்தை 0 முதல் 4 வரை ஆஷ்வொர்த் அளவில் பார்ப்பார்கள்; எண் கூடினால் இறுக்கமும் கூடுதல். 3-இல் இருந்த மணிக்கட்டு 2-க்கு இறங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒருத்தியாகவே நகம் வெட்டினேன். அப்பாவுக்கு ஆசை வந்து, காலி டம்ளரை அந்தக் கையில் வாங்கிப் பார்த்தார். நழுவி விழுந்தது. இறுக்கம் குறைவது வேறு, கைக்குப் பலம் வருவது வேறு. மூளையிலிருந்து வராத உத்தரவை இந்த மிஷின் கொண்டுவராது. இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

2005-இல் இத்தாலிய மருத்துவர்கள் பக்கவாதம் வந்த 20 பேரிடம் இந்த சிகிச்சையை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. முதலில் சிகிச்சை கொடுப்பதுபோல் பொய்யாகச் செய்தபோது மாற்றமில்லை. நிஜமாக ஒரே தடவை கொடுத்ததும் இறுக்கம் குறைந்தது, பலருக்கு 12 வாரம் கழித்தும் அந்தக் குறைவு நின்றது. அப்பாவுக்கு ஆறு வாரத்திலேயே திரும்ப இறுக ஆரம்பித்தது. எங்கள் மேலும் தப்பு உண்டு. கை தளர்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் தினமும் நீட்டி மடக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். கல்யாண அலைச்சலில் விட்டுவிட்டோம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் (பக்கவாதக்காரர்கள் பலரும் சாப்பிடுவார்கள்), டாக்டரிடம் சீட்டைக் காட்டிவிட்டே போங்கள். அந்த இடத்தில் ரத்தக்கட்டோ புற்றுநோய்க் கட்டியோ இருந்தால் வேண்டவே வேண்டாம். மூட்டே சுருங்கி நிலைத்துவிட்ட கைக்கும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது இரண்டாவது சுற்று முடிந்திருக்கிறது. ராத்திரி கை மடங்காமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ளின்ட் கட்டிவிடுவது அம்மாதான்.